கையோடு செல்லும் கலம்

சேலம் நகரிலிருந்து ஏற்காட்டிற்குச் செல்லும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சமவெளியின் வெம்மை ஒவ்வொரு வளைவிலும் சிறிது சிறிதாகப் பின்தங்கிவிட, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு தோன்றுகிறது. அதனைச் சூழ்ந்த சேர்வராயன் மலைச் சிற்றூர்களுள் ஒன்று வாழவந்தி. காப்பிச் செடிகளும், அவற்றிற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், அம்மரங்களைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகளும் இம்மலைக்கு உரிய காட்சிகள். சேலம் மாவட்டத்தின் ஆட்சியராய் இருந்த காக்பர்ன் என்பவர் 1820-களில் இங்குக் காப்பியைப் பயிரிடச் செய்தார் என்பது வரலாறு. அன்று தொட்டு இம்மலை மக்களின் நாட்கள் காப்பிச் செடியைச் சுற்றியே சுழன்று வருகின்றன.

பழம் சிவக்கும் கார்த்திகை, மார்கழித் திங்களில், பனி விலகுமுன்னே தோட்டத்திற்குச் செல்வோரின் கைகளைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். ஏதேனும் ஒரு கலத்தை ஏந்தாமல் செல்பவர் அரியர். ஒருவர் கையில் அலுமினியத் தூக்கு. மற்றொருவர் கையில் எவர்சில்வர் தூக்கு. இன்னொருவர் தோளில் வெந்நீர்க் குடுவை. இளைஞர் ஒருவர் கையில் வண்ணம் பூசிய மூடிக் குவளை. செல்லும் வழி ஒன்றே. ஏந்திய கலங்களோ பல. இவ்வேறுபாடு விலையினால் மட்டும் வந்ததன்று. ஒவ்வொருவருடைய நாளும் ஒவ்வொரு வகையில் அமைந்திருத்தலே இதற்குப் பெருங்காரணம்.

காப்பிப் பழம் பறிக்கும் ஒரு பெண்மணியின் நாளைக் கருதிப் பார்த்தால் இவ்வுண்மை தெளிவாகும். அவருடைய இரு கைகளும் செடியின்மீதே இருக்க வேண்டும். ஒரு கை கிளையை வளைத்துப் பிடிக்க, மறு கை பழுத்த பழத்தை மட்டும் தேர்ந்து பறித்து இடுப்பிற் கட்டிய பையில் இடும். எனவே கையில் பிடித்தபடி பருகும் குவளையால் அவருக்குப் பயன் இல்லை. பறித்த பழம் மாலையில் நிறுக்கப்படும். எடைக்கு ஏற்பக் கூலி வழங்கும் இடங்களில் ஒவ்வொரு நாழிகையும் அவருக்குக் காசு. பத்து மணிக்கு ஒரு மிடறு சூடான காப்பி வேண்டுமென்று சரிவிலே இறங்கி வீட்டிற்குச் சென்று மீண்டும் ஏறி வந்தால், அவ்வளவு பழமும் அவ்வளவு கூலியும் குறையும். அவர் கொண்டு செல்லும் கலம் அந்த நடையை அவருக்கு மிச்சப்படுத்துகிறது. கலத்தில் உள்ளது ஆறிப்போயிற்றென்றால், குளிரில் ஆறிய காப்பியைக் குடிப்பதா, கூலியை இழப்பதா என்னும் கேள்வி எழுகிறது. பெரும்பாலோர் ஆறியதையே குடிப்பர்.

மலையில் காப்பி விரைந்து ஆறுவதற்கு இரு காரணங்கள் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. சமவெளியில் 100 பாகையில் கொதிக்கும் நீர், இம்மலையின் உயரத்தில் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ஆகவே அடுப்பை விட்டு இறங்கும்போதே மலைக் காப்பி ஐந்து பாகை பின்தங்கிப் புறப்படுகிறது. புறப்பட்ட பின்னர் அது சந்திப்பதோ குளிர்ந்த காற்று. மூடி இறுக இல்லையேல் ஆவி வெளியேறும். ஆவியோடு வெப்பமும் வெளியேறும். வாய் அகன்ற கலத்தில் இவ்விழப்பு மிகுதி.

அங்ஙனமாயின் அகன்ற வாயுள்ள தூக்கைப் பலர் ஏன் விடாமல் கொண்டு செல்கின்றனர்? அதிலே காப்பி மட்டும் செல்வதில்லை என்பதே விடை. கேழ்வரகுக் கூழும், பழைய சோறும் குறுகிய வாயின் வழியே உட்புகா. புகுந்தாலும் எளிதில் வெளிவாரா. கூழைக் கரைக்கக் கை உள்ளே செல்ல வேண்டும்; கழுவவும் கை உள்ளே செல்ல வேண்டும். சேலம், கொங்குப் பகுதிகளில் தூக்குப்போசி என்று வழங்கும் இக்கலத்தின் வளைந்த பிடியை மரக்கிளையில் மாட்டிவிடலாம். எறும்பு ஏறுவதும், சரிவிலே கலம் உருண்டோடுவதும் இதனால் தவிர்க்கப்படும். மூடியைக் கவிழ்த்தால் அதுவே உண்கலமாகும். சூட்டைக் காப்பதில் இது தோற்றுவிடுகிறது. ஏனைய அனைத்திலும் வெல்கிறது.

அலுமினியத் தூக்கிற்கும் இம்மலைக்கும் உள்ள உறவு பலர் அறியாதது. அலுமினியத்தின் மூலப்பொருளாகிய பாக்சைட்டுக் கனிமம் சேர்வராயன் மலையிலே கிடைக்கிறது. மேட்டூரில் 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிய அலுமினிய ஆலைக்கு இம்மலையின் பாக்சைட்டு வெட்டி எடுத்துச் செல்லப்பட்டது. அவ்வாலையில் அலுமினியம் உருக்கும் பணி இப்போது இல்லை. எனினும், லாரியில் இறங்கிச் சென்ற மலைக்கல்லில் ஒரு சிறு பகுதியேனும் பேருந்தில் தூக்காக ஏறித் திரும்பி வந்திருக்கக் கூடும் என்று எண்ணுவதில் தவறில்லை. எஃகின் எடையில் அலுமினியம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. மேட்டில் ஏறும் கைக்கு அது பெரும் வசதி. ஆனால் புளித்த பொருளுக்கு அது ஆகாது. புளித்த கூழையோ புளிக்குழம்பையோ இரவெல்லாம் அதில் வைத்தால் உலோகம் அரிக்கப்பட்டு உணவோடு கலக்கிறது. பித்தளை, செம்புக் கலங்களுக்கும் இக்குறை உண்டு. அவற்றிற்கு உட்புறத்தில் ஈயம் பூசும் வழக்கம் இதன் பொருட்டே ஏற்பட்டது. ஈயம் என்று மக்கள் கூறினும், பூசப்படுவது வெள்ளீயமே. நச்சுத்தன்மை உடைய காரீயம் அன்று.

உலோகக் கலங்கள் எளிதிற் கிடையாத காலத்தில் தமிழர் வழிநடைக்கு எதனைக் கொண்டு சென்றனர்? சுரைக்காயை முற்ற விட்டு, உலர்த்தி, உள்ளீட்டை நீக்கிச் செய்த குடுக்கை மிகப் பழமையான கலம். எடை இல்லாதது, விழுந்தால் மண்பானையைப் போல எளிதில் நொறுங்காதது. மலைநாட்டில் மூங்கிற் குழாயும் கலமாயிற்று. மூங்கிற் குழாயில் விளைந்த தேறலைப் பற்றி மலைபடுகடாம் என்னும் சங்க நூல் குறிப்பிடுகிறது. பனைநாட்டிலோ ஓலையே கலம். பதநீர் பருகுவதற்குப் பனையோலையை மடித்துப் பட்டையாகக் கட்டிக்கொள்வர். குடித்து முடித்ததும் எறிந்துவிடுவர். கழுவும் வேலையும் இல்லை. குப்பை என்ற கவலையும் இல்லை.

சமவெளியில் கோடைக்கு ஏற்றது மண்கலமே. அதன் நுண்ணிய துளைகளின் வழியே நீர் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் அவ்வாறு ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. அவ்வெப்பத்தில் பெரும்பங்கு கலத்திலிருந்தும் உள்ளே எஞ்சியுள்ள நீரிலிருந்துமே எடுக்கப்படுவதால் நீர் குளிர்கிறது. காற்று உலர்ந்திருந்தால்தான் இது நன்கு நிகழும். சித்திரையில் சேலத்துக் கடைத்தெருவில் பெருமை பெறும் மண்கூசா, மூடுபனி சூழ்ந்த ஏற்காட்டு மழைக்காலத்தில் தன் திறனை இழந்துவிடுகிறது; அங்கு அதன் உதவியை நாடுவாரும் இலர். நாற்பது கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில் உள்ள இரண்டு ஊர்களுக்கே ஒரே கலம் பொருந்தவில்லை!

இரயில் பயணம் பெருகிய காலத்தில் கூஜா புகழ்பெற்றது. திருகு மூடியும், மேலே பிடியும் உடைய பித்தளைக் கலம் அது. பாரசீக மொழிச் சொல்லிலிருந்து வந்த பெயர். நெடுந்தொலைவு செல்வோர் வீட்டு நீரைக் கூஜாவில் நிரப்பிக்கொண்டு புறப்பட்டனர். பெரியவர்களின் பின்னே அவர்தம் கூஜாவை ஏந்திச் செல்லும் ஏவலரும் உண்டு. பிறரை அண்டி முகமன் கூறித் திரிவோரைக் ‘கூஜா தூக்குபவர்’ என்று இன்றும் எள்ளுவது இவ்வழக்கின் எச்சமே.

கூஜாவை எடுத்துச் சென்றோர் அனைவரும் நீரின் தூய்மை கருதியே எடுத்துச் சென்றனர் என்று கூற இயலாது. பிறர் தொட்ட கலத்தில் பருகுதல் இழிவு என்னும் எண்ணமும் பலரிடம் இருந்தது. அவ்வெண்ணத்தின் மறுபக்கம் கொடியது. தமிழகத்துச் சிற்றூர்த் தேநீர்க் கடைகள் பலவற்றில் இரட்டைக் குவளை முறை நிலவியது. ஒரு சாராருக்கு ஒருவகைக் குவளை. தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் குவளை, அல்லது கொட்டாங்கச்சி. குடித்தபின் அவர்களே அதனைக் கழுவித் தனியே வைத்துச் செல்ல வேண்டும். கூஜாவைக் கொண்டு சென்றவர் தம் கலத்தைத் தாமே தேர்ந்துகொண்டார். கொட்டாங்கச்சியைப் பெற்றவர் தேர்ந்துகொள்ளவில்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் இயற்றப்பட்ட தீண்டாமைக் குற்றச் சட்டம், பொது உணவு விடுதியில் வைக்கப்பட்டுள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் ஒருவரைத் தடுப்பதையே குற்றமென வெளிப்படையாகக் கூறிற்று. ஒரு நாட்டின் சட்டத்திலே குவளைக்கும் தட்டிற்கும் இடம் தர வேண்டிய தேவை ஏற்பட்டது! சட்டம் வந்த பின்னரும் அவ்வழக்கம் பல ஊர்களில் நெடுங்காலம் நீடித்தது. சில கடைகளில் ஒரு சாராருக்கு மட்டும் தாள் குவளை நீட்டும் புதிய வடிவையும் அது எடுத்தது.

இனி, சூட்டைக் காக்கும் குடுவையின் வரலாறு. இதனை முதலிற் செய்தவர் காப்பிக்காகச் செய்யவில்லை. இலண்டனில் உள்ள அரச நிறுவனத்தில் ஆய்வு நடத்திய ஜேம்ஸ் டூவார் என்னும் ஸ்காட்லாந்து அறிவியலார், வாயுக்களைக் கடுங்குளிரில் நீர்மமாக்கும் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். நீர்ம ஆக்சிசன் சுழிக்குக் கீழே 183 பாகையில் கொதிப்பது. சாதாரணக் கலத்தில் ஊற்றினால், அறையின் வெப்பமே அதற்கு அடுப்பாகிவிடும். ஆகவே வெளி வெப்பம் உள்ளே புகாத கலம் அவருக்குத் தேவைப்பட்டது. 1892-இல் அவர் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் மற்றொரு குடுவையை அமைத்து, இரண்டிற்கும் இடையே உள்ள காற்றை வெளியேற்றினார்.

வெப்பம் மூன்று வழிகளிற் செல்லும். பொருளின் வழியே கடத்தப்படுதல் ஒன்று. காற்றோ நீரோ சூடேறி நகர்ந்து வெப்பத்தைச் சுமந்து செல்லும் சலனம் மற்றொன்று. இடையில் எப்பொருளும் இல்லாமலே கதிராகப் பரவுதல் மூன்றாவது. சுவர்களுக்கு இடையே வெற்றிடம் இருப்பதால் முதல் இரண்டு வழிகளும் அங்கு அடைபடுகின்றன. கண்ணாடியின்மீது பூசிய வெள்ளி, கதிரைத் திருப்பி அனுப்பி மூன்றாம் வழியையும் பெரிதும் அடைக்கிறது. எஞ்சுவது கழுத்தும் மூடியுமே. எனவேதான் அக்குடுவையின் கழுத்து குறுகியிருக்கிறது. அதன் மூடி வெப்பத்தை எளிதிற் கடத்தாத தக்கையால் அமைந்திருந்தது. உள்ளே குளிரைக் காத்த அதே கலம், சூடான பொருளை ஊற்றினால் சூட்டையும் காத்தது. வெப்பம் இப்பக்கம் செல்வதும் அப்பக்கம் செல்வதும் வெற்றிடத்திற்கு ஒன்றே.

டூவார் தம் கண்டுபிடிப்பிற்குக் காப்புரிமை பெறவில்லை. செருமனியைச் சேர்ந்த ரைனோல்டு பர்கர் என்னும் கண்ணாடித் தொழில் வல்லுநர், அதனை உலோகக் கூட்டினுள் பொருத்தி வீடுகளுக்கு ஏற்ற பொருளாக்கினார். 1904-இல் அது ‘தெர்மாஸ்’ என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. வெப்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. டூவார் வழக்குத் தொடுத்தும் பயன் கிட்டவில்லை. நீர்ம வாயுவிற்காகப் பிறந்த கலம் நோயாளியின் கஞ்சிக்கும், குழந்தையின் பாலுக்கும், இரவுக் காவலரின் காப்பிக்கும் துணையாயிற்று.

ஆயினும் கண்ணாடிக் குடுவை மலைவழிக்கு ஏற்ற துணை அன்று. அதன் அடியில் சிறு கூம்பு போன்ற முனை ஒன்று உண்டு. காற்றை வெளியேற்றிய பின் உருக்கி மூடிய இடம் அது. அம்முனையில் ஒரு விரிசல் கண்டால் வெற்றிடத்தில் காற்றுப் புகுந்துவிடும். குடுவை முழுமையாகத் தோன்றினும் சூடு நில்லாது. குளிர்ந்திருக்கும் குடுவையில் கொதிநீரைத் திடீரென ஊற்றினாலும் அது வெடிக்கலாம். முதலில் வெதுவெதுப்பான நீரால் அலசிக்கொள்வது நன்று. பாறையில் ஒருமுறை தட்டினால் போதும், உள்ளே சில்லுகள் ஒலிக்கும். நாட்கூலி பெறுவோர்க்கு அவ்வொலி சிறிய இழப்பன்று.

இக்குறையை எஃகு நீக்கியது. 1913-இல் இங்கிலாந்தின் செபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழலின் தேய்மானத்தைத் தடுக்க முயன்றபோது துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். அதில் கலந்துள்ள குரோமியம் காற்றோடு கூடி மேற்பரப்பில் கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய படலமாகிறது. அப்படலமே துருவைத் தடுக்கிறது. தமிழ்நாட்டு மக்கள் இதற்கு எவர்சில்வர் என்று பெயரிட்டுத் தம் சமையலறையில் வரவேற்றனர். சேலத்தை அடுத்த கஞ்சமலையின் அருகில் 1970-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற உருக்காலையில், 1981-இல் இவ்வகை எஃகுத் தகடுகள் உருவாகத் தொடங்கின. இவ்வெஃகு அலுமினியத்தைப் போல வெப்பத்தை விரைந்து கடத்துவதும் இல்லை. இரு சுவரும் எஃகாலான, இடையே வெற்றிடம் உடைய எளிய குடுவையை 1978-இல் ஜப்பானியர் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். இன்று தோட்டத்திற்குச் செல்வோர் சிலர் தோளில் தொங்குவது அதன் வழிவந்ததே. கீழே விழுந்தால் நசுங்கும், உடைந்து நொறுங்காது.

கலங்கள் பலவாக, தேர்வும் கடினமாயிற்று. மலைப்பேருந்தின் ஓட்டுநர் வளைவுகளில் குவளையைத் தொட இயலாது; நிறுத்தத்திலேதான் பருகுவார். ஆகவே கவிழ்ந்தாலும் சிந்தாத திருகு மூடியே அவருக்குத் தேவை. மூடியில் சிறு துளை வைத்த பயணக் குவளை, சமன்பாதையில் காரோட்டுபவர்க்குப் பொருந்தும். அவ்வண்டியின் குழியில் நிற்பதற்காக அடிப்பகுதி குறுகியிருக்கும் அக்குவளை, மலைப்பேருந்தில் இரண்டாம் வளைவிலேயே உருண்டுவிடும். பள்ளி மாணவர்க்குச் சூட்டைக் காக்கும் கலம் வேண்டுவதில்லை. புத்தகச் சுமையோடு சேரும் எடை குறைவாக இருப்பதே வேண்டும். இரவுக் காவலர்க்கு நேர்மாறு. அவர் சுமப்பதில்லை, நள்ளிரவு இரண்டு மணிக்குச் சூடு இருக்க வேண்டும். பெரிய குடுவையே அவருக்குச் சிறந்தது. பெரிய குடுவையை நிறைய ஊற்றி மூடினால் சூடு நெடுநேரம் நிற்கும். அரைக் குடுவை காப்பி விரைந்து ஆறும். நிறத்தின் அழகைக் கண்டு கலம் வாங்குவோரும் உளர். அது குற்றமன்று, ஆனால் மூடியைத் திறந்து, உள்ளே விரல் எட்டுகிறதா என்று பார்த்தபின் நிறத்தைப் பார்க்கலாம்.

எதனை ஊற்றுகிறோம் என்பதும் கருதத்தக்கது. பால் கலவாத காப்பி நெடுநேரம் கெடாது. பாற்காப்பியோ, 60 பாகைக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பாகவே நிற்கும் நிலையில் நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு உகந்த இடமாகிவிடுகிறது. காலையில் ஊற்றிய பாற்காப்பியை மாலையில் பருகுவதைவிடக் கொட்டிவிடுவதே நலம். நல்ல குடுவையில் மற்றோர் இடர் உண்டு. அதிலுள்ள காப்பி பல மணிக்குப் பின்னும் நாவைச் சுடும். 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் வழக்கமாகப் பருகுவது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்று, உலக நல நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016-இல் அறிவித்தது. பழைய குடுவைகளின் மூடியே குவளையாக அமைந்திருந்ததன் நன்மை இங்கே புலனாகிறது. மூடியில் ஊற்றினால் சிறிது ஆறிய பின்னரே வாய்க்குச் செல்லும். தமிழ் வீடுகளின் டவராவும் தம்ளரும் இவ்வேலையைச் செவ்வனே செய்து வருகின்றன.

கலம் கொண்டு வாராதோர்க்காகக் கடைகளில் தோன்றியது எறியும் குவளை. தாள் குவளை எனப்படுவது வெறும் தாள் அன்று; நீர் ஊறாதிருக்க அதன் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டிருக்கும். பனையோலைப் பட்டையைப் போல அது மண்ணோடு எளிதில் கலந்துவிடாது. விடுமுறை நாட்களில் ஏற்காட்டிற்கு வருவோர் எத்தனை பேர் என்பதைக் காட்சிமுனைகளின் ஓரத்தில் கிடக்கும் குவளைகளே காட்டின. தமிழ்நாடு அரசு 2019-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தடை செய்தது. பிளாஸ்டிக் குவளைகளோடு, பிளாஸ்டிக் பூசிய தாள் குவளைகளும் அப்பட்டியலில் இடம்பெற்றன. தடை எங்கும் முழுமையாக நிறைவேறிவிட்டதென்று கூற இயலாது. எனினும் தம் குவளையைக் கடைக்காரரிடம் நீட்டித் தேநீர் கேட்போரைச் சில இடங்களில் காண முடிகிறது.

மாலையில் தோட்டத்துப் பழம் நிறுக்கப்படுகிறது. பைகள் வெறுமையாகின்றன, தூக்குகளும் குடுவைகளும் அதற்கு முன்பே வெறுமையாகிவிட்டன. காலையில் அசையாமல் கனமாய்ச் சென்றவை, இப்போது மூடியும் பிடியும் மோதி ஒலிக்க வீடு திரும்புகின்றன. குழாயடியில் அகன்ற வாயுள்ள தூக்கு ஒரு கைப்பிடிச் சாம்பலில் பளபளப்பாகிவிடும். குறுகிய கழுத்துள்ள குடுவைக்குச் சிறிது அரிசியும் வெந்நீரும் இட்டு நெடுநேரம் குலுக்க வேண்டும். பின்னர் இரண்டும் திண்ணை ஓரத்தில், மறுநாள் காலை வரை, வாய் கீழாகக் கவிழ்த்து வைக்கப்படுகின்றன.